பாய்க்கு அடியில் ஒளித்த சோறு

கேள்வி: எங்கள் ஊர் இராமேஸ்வரம் தீவின் வடகரையில் இருக்கிறது. கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார்; நான் நண்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். என் அக்கா மகன் பதினான்கு மாதங்களாக எங்களிடம் வளர்கிறான். வயது 9. அவன் வயிற்றில் இருந்தபோதே அக்காவை அவள் கணவர் குடித்துவிட்டு அடிப்பார். பையனுக்கு 5 வயதானபோது அக்கா நோயில் இறந்துவிட்டாள். பிறகு பெரியப்பா வீட்டில் ஒன்றரை வருடம், விடுதியில் ஒரு வருடம், இப்போது எங்களிடம். வேளாவேளைக்குச் சோறு போடுகிறேன். ஆனாலும் சோற்றையும் வறுத்த மீனையும் பாய்க்கு அடியில் ஒளித்து வைக்கிறான். எறும்பு மொய்க்கிறது, நாற்றம் அடிக்கிறது. வாயில் சர்க்கரை ஒட்டியிருக்கும்போதே ‘நான் எடுக்கவில்லை’ என்கிறான். என் 6 வயது மகளைத் தள்ளிவிடுகிறான். இரவில் பாயை நனைக்கிறான். காற்று அடித்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். பள்ளியில் தினமும் புகார். போன மாதம் பொறுக்க முடியாமல் அடித்துவிட்டேன். அழவில்லை, சுவரைப் பார்த்தபடி மரம்போல நின்றான். அதைப் பார்த்து எனக்குத்தான் பயமாகிவிட்டது. அவன் அப்பா இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சொல்லாமல் கொள்ளாமல் தெருவில் வந்து நிற்கிறார். மந்திரிக்கச் சொல்கிறார்கள், ஏர்வாடி தர்காவில் தங்க வைக்கச் சொல்கிறார்கள், திரும்பவும் விடுதியில் போடு என்கிறார்கள். இவனுக்கு மனநோயா? விடுதிதான் நல்லதா? மாறுவானா? சிரிக்கும்போது அக்கா மாதிரியே இருக்கிறான். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம் வருகிறதோ என்றும் தோன்றுகிறது. (பெயர், ஊர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். விளக்கம் நீளமானது, அதைப் படித்து முடிக்கும்வரை உங்களைத் தவிக்க விடக் கூடாது. ஊரார் ‘மனநோய்’ என்று எதைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்களோ, அது இவனுக்கு இருப்பதாக உங்கள் கடிதத்தில் ஓர் அறிகுறியும் எனக்குத் தென்படவில்லை. ஆயினும் நேரில் பார்க்காத குழந்தைக்கு நான் எந்தப் பெயரும் சூட்டுவதில்லை. விடுதிக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். மாறுவான், ஆனால் நீங்கள் விரும்பும் வரிசையில் மாற மாட்டான். பொய்யும் தள்ளிவிடுவதும் கடைசியில்தான் குறையும். அதற்கு முன் தூக்கமும் பசியும் சீராக வேண்டும். அதற்கும் முன், இந்த வீட்டில் தனக்கு ஒன்றும் நேராது என்று அவன் உடல் நம்ப வேண்டும். மனம் என்று எழுதாமல் உடல் என்று எழுதியிருப்பது காரணத்தோடுதான்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் நம் பக்கம் யாரும் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பதில்லை. படகுக் கயிற்றை இறுக்கிக் கட்ட ஓடுகிறோம். மூளையிலும் அப்படி ஒரு பகுதி இருக்கிறது. அமிக்டலா என்பது அதன் பெயர், பாதாம் பருப்பின் அளவும் வடிவமும் கொண்டது. ஆபத்து என்று அது முடிவு செய்த நொடியில், யோசிக்கும் பகுதியின் சம்மதத்துக்குக் காத்திராமல், இதயத் துடிப்பையும் மூச்சையும் தசைகளையும் முடுக்கிவிடுகிறது. அட்ரினலின், அதைத் தொடர்ந்து கார்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. எப்போதாவது வந்து போகும் ஆபத்துக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் மூளை மிக வேகமாக வளரும் முதல் ஐந்து ஆண்டுகளில், பொழுது சாயும்போதெல்லாம் ‘இன்று எந்த நிலையில் வருவாரோ’ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்த குழந்தைக்கு, அந்தக் கூண்டு இறங்கியதே இல்லை. அது அவனைக் காப்பாற்றவும் செய்தது; எந்தச் சத்தத்துக்கு எந்த மூலையில் ஒடுங்க வேண்டும் என்பதை அவனுக்குக் கற்றுத் தந்தது அதுதான். இப்போது புயல் இல்லை, கூண்டு மட்டும் இருக்கிறது. ‘இங்கே உனக்கு என்னடா குறை’ என்று நீங்கள் ஆயிரம் முறை சொன்னாலும் அது யோசிக்கும் பகுதிக்குத்தான் போய்ச் சேரும். எச்சரிக்கைப் பகுதிக்குப் பேச்சு எட்டாது. ஒரே மாதிரி, ஒரே நேரத்தில், திரும்பத் திரும்ப நடப்பவைதான் அதற்கு எட்டும்.

வளர்த்து ஆளாக்க வேண்டியவர்களின் கையாலேயே, வளரும் வயதில், நீண்ட காலம் நேரும் இத்தகைய பாதிப்பை வளர்ச்சிப் பருவ மன அதிர்ச்சி என்கிறோம். பெஸல் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவர் 2005-ல் இதைத் தனி நோயறிதலாக முன்வைத்தார். 2013-ல் வெளிவந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூல் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இதற்கு நெருக்கமான ஒரு பெயர் இடம்பெற்றிருக்கிறது. இந்தப் பெயர்ச் சண்டை உங்களுக்கு எதற்கு என்றால், இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கவனக்குறைவு, மிகைத் துடிப்பு, அடங்காத நடத்தை என்று வேறு சீட்டுகள் எளிதாக ஒட்டப்படுகின்றன. அவை சில நேரம் சரியாகவும் இருக்கலாம். எனவே மருத்துவரிடம் போகும்போது பள்ளிப் புகாரை மட்டும் சொல்லாமல், எனக்கு எழுதியதுபோல வயிற்றில் இருந்த காலத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

இப்போது சோற்றுக்கு வருகிறேன். உங்களை மிகவும் புண்படுத்துவது இதுதான் என்று கடிதம் காட்டுகிறது. வேளாவேளைக்கு ஆக்கிப் போடுபவரின் கண்ணுக்கு முன்னால் ஒரு பிள்ளை சோற்றை ஒளித்து வைத்தால், ‘நீ என்னைப் பட்டினி போடுவாய்’ என்று அவன் முகத்துக்கு நேரே சொல்வதுபோலத்தான் இருக்கும். அவன் அப்படிச் சொல்லவில்லை. ஐந்து வயதிலிருந்து எட்டு வயதுக்குள் அவனுடைய சோற்றுத் தட்டு மூன்று முறை இடம் மாறியிருக்கிறது, ஒருமுறைகூட யாரும் முன்னதாகச் சொல்லி மாற்றியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நாளைக்கு எந்த வீட்டில் இருப்போம் என்று தெரியாதவன் கையில் கிடைத்ததைச் சேர்த்து வைக்கிறான். வலை நிறையப் பட்ட நாளில் கருவாடு போடுகிறோமே, அதே கணக்குதான். அவனுக்கு உப்புப் போடத் தெரியவில்லை, அவ்வளவே.

ஆகவே ஒளிப்பதைத் தடுக்காதீர்கள்; ஒளிக்கத் தேவையில்லாதபடி செய்யுங்கள். மூடி இறுக்கமாக இருக்கும் ஒரு டப்பா வாங்கி, அவன் பெயரை அவனையே எழுதச் சொல்லி, பொரிகடலை, கடலை மிட்டாய், பிஸ்கட் போன்ற கெடாத பண்டங்களை அதில் போட்டு, அவன் படுக்கும் இடத்துக்குக் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். தினமும் விளக்கு வைத்த பிறகு, அவன் பார்க்கும்படி, குறைந்ததை நிரப்புங்கள். ‘இது உன்னுடையது, எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம், கேட்க வேண்டாம்’ என்று ஒரு முறை சொன்னால் போதும். முதல் வாரம் இரவோடு இரவாக முழுவதையும் தின்று தீர்ப்பான், வயிறு வலிக்கும், பாய்க்கு அடியிலும் சோறு இருக்கும். அப்போதும் நிரப்புங்கள். எவ்வளவு பெரிய சேட்டை செய்த நாளானாலும் தண்டனையாக அந்த டப்பாவை எடுத்துவிடாதீர்கள், ஏனென்றால் ஒரே ஒரு நாள் அது காலியாக இருந்தால் மூன்று மாத உழைப்பு அந்த ஒரு நாளில் போய்விடும். உங்கள் மகளுக்கும் ஒரு டப்பா வைப்பது நல்லது, பொறாமைக்கு அது மருந்து. பாய்க்கு அடியில் இருப்பதைச் சுத்தம் செய்யும்போது அவன் இல்லாத நேரத்தில், எதுவும் சொல்லாமல் செய்யுங்கள். என்னிடம் வந்த ஒரு சிறுமி, வரும் ஒவ்வொருவரின் பையையும் திறந்து சாப்பாடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவாள். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஒரு நாள், பையைப் பார்க்காமலே உட்கார்ந்தாள். அதை நாங்கள் யாரும் அவளிடம் சொல்லிக் காட்டவில்லை.

இரவைப் பற்றி ஒரு சந்தேகம். காற்று அடித்தால் எழுந்துகொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். வடகரையில் ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசும்போது வீட்டில் எது ஆடுகிறது என்று ஒரு நாள் படுத்தபடியே காது கொடுத்துக் கேளுங்கள். தகரக் கதவாக இருக்கும் என்பது என் ஊகம். குடித்துவிட்டு வருபவர் உதைப்பதும் கதவைத்தான், காற்று தட்டுவதும் கதவைத்தான். தூக்கத்தில் இருக்கும் மூளை இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பழைய வலைக் கயிற்றை மடித்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் திணித்துக் கட்டிவிட்டால் சத்தம் நின்றுவிடும். அதை அவனையே கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். தான் கட்டிய கதவு என்றால் இரவில் அவனுக்கு ஒரு தைரியம். சிறு விளக்கு ஒன்று எரியட்டும். கதவு தெரியும்படி அவன் படுக்கட்டும், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும்.

பாயை நனைப்பதற்கு உடல் காரணமும் இருக்கலாம் என்பதால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் மருத்துவர் கேட்பார். அதோடு இன்னொன்று: நனைந்த பாயைத் தெரு வேலியில் காயப் போடாதீர்கள். வீட்டுக்குப் பின்னால் போடுங்கள்.

நீங்கள் அடித்தபோது அவன் மரம்போல நின்றதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் இப்படி நிற்கும் பிள்ளையை அழுத்தக்காரன் என்பார்கள். ஆபத்தில் உயிர்கள் செய்வது மூன்று: எதிர்க்கும், ஓடும், இரண்டும் முடியாதபோது உறைந்துபோகும். நான்கு வயதுக் குழந்தையால் வளர்ந்த ஆளை எதிர்க்கவும் முடியாது, வீட்டை விட்டு ஓடவும் முடியாது. உறைவது ஒன்றுதான் அவன் கையில் இருந்த வழி. அழுதால் இன்னும் அடி விழும் என்பதையும் அவன் கற்றிருப்பான். அன்று அவன் பார்த்துக்கொண்டிருந்தது உங்கள் வீட்டுச் சுவர்தான் என்றாலும், அவன் நின்றுகொண்டிருந்தது அந்தப் பழைய வீட்டில். உங்களுக்குப் பயம் வந்தது சரியான பயம். அடி இனி வேண்டாம். மற்ற பிள்ளைகளுக்கும் அது நல்லதில்லை, இவனுக்கோ அது நீங்கள் நினைக்காத இடத்தில் போய் விழுகிறது.

நடந்ததை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். இப்போதும் காலம் கடக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவன் முகத்தைத் திருப்பிப் பிடிக்காமல், ‘அன்னைக்கு உன்னை அடிச்சது சித்தி செஞ்ச தப்பு. நீ என்ன செஞ்சிருந்தாலும் அடிச்சிருக்கக் கூடாது. இனிமே அடிக்க மாட்டேன்’ என்று சொல்லுங்கள். பதிலை எதிர்பார்க்காதீர்கள்; அவன் எழுந்துகூடப் போய்விடுவான். பெரியவர்கள் தப்பை ஒப்புக்கொண்டு அவன் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இந்த வேலையில் தவறாத பெற்றோரை நான் கண்டதில்லை. தவறிய பிறகு திரும்பி வந்து சரி செய்தவர்களிடம் வளர்ந்த பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள்.

அவன் கொந்தளிக்கும் நேரத்துக்கு ஒரு வரிசை உண்டு. அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் புரூஸ் பெரி வகுத்தது: முதலில் உடல் அடங்க வேண்டும், அடுத்து உறவு, அதற்குப் பிறகுதான் காரண காரியம். நாம் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறோம். பிள்ளை கத்திக்கொண்டிருக்கும்போதே ‘ஏன்டா இப்படிச் செய்தாய்’ என்று கேட்கிறோம். அந்த நிமிடத்தில் ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பகுதி அவன் தலைக்குள் வேலை செய்யவில்லை. உங்கள் மகளை முதலில் அப்புறப்படுத்துங்கள். பிறகு நிற்காமல் தரையில் உட்காருங்கள். அவனுக்கு எதிரே வேண்டாம், பக்கவாட்டில். கை எட்டும் தூரத்துக்குச் சற்று வெளியே. குரலைத் தாழ்த்திச் சில சொற்கள் மட்டும். ஒரு சொம்புத் தண்ணீர். தொடுவதானால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். பேச்செல்லாம் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம்.

உடலை அடக்குவது தாளம். தொட்டிலை ஆட்டுவதும் அதனால்தான் குழந்தையைத் தூங்க வைக்கிறது. தொட்டிலில் கிடக்க வேண்டிய வயதில் அந்தத் தாளம் அவனுக்குக் கிடைத்திருக்காது. 9 வயதில் தொட்டில் கட்ட முடியாது, ஆனால் உங்கள் வீட்டில் அதற்கு ஈடான வேலை இருக்கிறது. உங்கள் கணவர் வலை முடிய உட்காரும்போது, வலை ஊசியில் நூல் ஏற்றிக் கொடுக்கும் வேலையை இவனுக்குத் தரச் சொல்லுங்கள். ஒருவரையொருவர் முகம் பார்க்க வேண்டாம், பேச வேண்டாம், கை மட்டும் ஒரே மாதிரி போய் வரும்; ஓர் ஆணின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தும் அடி விழவில்லை என்று அவன் உடல் எழுதி வைத்துக்கொள்ளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இதற்கு மிகவும் தோதானது. ஆனால் இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய குரல் கரைக்கு வந்த பிறகும் இறங்குவதில்லை. அவர் சாதாரணமாகக் கூப்பிடுவதே இவன் காதில் கோபமாக விழும் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். அவர் குடிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. குடிப்பவரானால், அந்த வாடையோடு இரவில் இவன் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவர் வரக் கூடாது. இதில் நான் சமரசம் சொல்ல மாட்டேன்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடம் உண்டு: அப்பா இருக்கும் நாளும் இல்லாத நாளும் மாறி மாறி வரும், போனவர் திரும்பும் நேரம் உறுதியில்லை, கடற்படை பிடித்துக்கொண்டுபோன செய்தி வேறு அடிக்கடி காதில் விழும். உங்கள் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று ஒரு முறை இருப்பது ஒருவகையில் வசதி. தினசரி காலண்டரில் சித்தப்பா கடலுக்குப் போகும் நாளை அவனையே வட்டம் போடச் சொல்லுங்கள். போகும்முன் அவர் அவனிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். அவன் வாழ்க்கையில் ஆட்கள் சொல்லாமலே காணாமல் போயிருக்கிறார்கள்.

பொய்யைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள், பாதிப் பொய் குறைந்துவிடும். ‘சர்க்கரை எடுத்தாயா’ என்பதற்குப் பதில் ‘சர்க்கரை எடுத்திருக்கிறாய், வாயைக் கழுவிக்கொண்டு வா’ என்று சொன்னால் அங்கே பொய்க்கு வேலையில்லை.

உங்கள் மகளை மறந்துவிடாதீர்கள். இருவரையும் யாரும் பார்க்காத இடத்தில் தனியே விட வேண்டாம். அண்ணன் பாவம் என்று சொல்லி அவளை எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவும் வேண்டாம். வாரத்தில் ஒரு மணி நேரமாவது நீங்கள் அவளுக்கு மட்டும் உரியவராக இருங்கள்.

பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரைப் புகார் வராத ஒரு நாளில் சந்தியுங்கள். அக்காவின் கதை முழுவதையும் அங்கே சொல்ல வேண்டியதில்லை, அது அவனுடைய கதை. சிறு வயதில் வீட்டில் பயந்து வளர்ந்த பிள்ளை என்பது போதும். சுவரை ஒட்டி, வாசல் தெரியும் இடத்தில் உட்கார வைக்கவும், பின்னாலிருந்து தோளைத் தொடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடவும், அலைபாயும்போது தண்ணீர் குடித்து வர அனுப்பவும் கேளுங்கள். கரும்பலகையைத் துடைக்கவும் நோட்டுகளை அடுக்கவும் சொன்னால் இத்தகைய பிள்ளைகள் ஆச்சரியப்படும்படி அடங்குவார்கள். அடி விழுவதாகத் தெரிந்தால், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே அதை எடுத்து நீட்ட வேண்டாம்.

அப்பா வந்து போன பிறகு அவன் எப்படித் தூங்குகிறான் என்று குறித்து வையுங்கள். பெற்ற தகப்பன் என்ற உரிமைக்காகக் குழந்தையைத் தெருவில் நிற்க வைத்துக் காட்ட வேண்டியதில்லை. பார்க்க விரும்பினால் முன்பே சொன்ன நாளில், குடிக்காமல், நீங்கள் இருக்கும்போது, பகலில். இதை நீங்கள் தனியே நின்று சொல்வது கடினம் என்பதால் இராமநாதபுரத்தில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒரு மனு கொடுங்கள். குழந்தைகள் நலக் குழு முன்பு அவன் உங்கள் பராமரிப்பில் இருப்பது பதிவாகிவிட்டால், நாளைக்கு யாராவது வந்து ‘என் பிள்ளை’ என்று கையைப் பிடித்து இழுக்கும்போது உங்களிடம் ஒரு காகிதம் இருக்கும். ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், உறவினர் வளர்க்கும் இத்தகைய குழந்தைக்கு வருமான வரம்புக்கு உட்பட்டு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. அதையும் அங்கேயே கேளுங்கள். ஆபத்து என்று தோன்றும் நேரத்தில் குழந்தைகள் உதவி எண் 1098. பெரியப்பா வீட்டிலோ விடுதியிலோ யாராவது தகாத முறையில் தொட்டதாக அவன் எப்போதாவது சொன்னால், துருவிக் கேட்காமல் முழுவதும் கேட்டுக்கொண்டு, ‘சொன்னது நல்லது, இது உன் தப்பு இல்லை’ என்று சொல்லிவிட்டு உடனே தகவல் கொடுங்கள். 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி அது கட்டாயம்.

மந்திரிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தண்ணீர் ஓதிக் கொடுப்பதாலும் கயிறு கட்டுவதாலும் கெடுதல் ஒன்றுமில்லை. அவன் பயப்படாமல் இருந்தால் போய் வாருங்கள். மிரட்டி, உலுக்கி, பிரம்பு காட்டி ஓட்டுகிறவர்களிடம் போக வேண்டாம். ஏர்வாடியில் தங்க வைக்கும் யோசனையை மறந்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்ததை நம் மாவட்டம் மறக்க முடியாது. அதற்குப் பிறகு நிறைய மாறியிருக்கிறது. தர்காவிலேயே அரசு மனநல மருத்துவக் குழு, ‘தவா–துவா’ என்று மருந்தையும் பிரார்த்தனையையும் ஒன்றாக வைத்து நடத்துகிறது. பிரார்த்தனைக்குப் போகிறவர்கள் போகட்டும். 9 வயதுக் குழந்தையை வீட்டிலிருந்து பிரித்து எங்கேயும் தங்க வைப்பது மட்டும் இவனுடைய பாதிப்புக்கு நேர் எதிரான வைத்தியம்.

விடுதிக்கும் இதே பதில்தான். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய ஓர் ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, மற்றவர்களோடு பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அறிவு வளர்ச்சியிலும், ஒருவரிடம் பற்று வைப்பதிலும் குடும்பத்துக்குப் போனவர்கள் முன்னேறியிருந்தார்கள். அந்தக் காப்பகங்களும் நம் ஊர் விடுதிகளும் ஒன்றல்ல. நல்ல விடுதிகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே வார்டன் மாறுவார், பணியாள் மாறுவார். இவனுக்குத் தேவை மாறாத ஓர் ஆள்.

‘இப்படி வளர்ந்தவன் பெரியவனாகி அப்பன் மாதிரிதான் வருவான்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள், சொல்லாவிட்டால் இனி சொல்வார்கள். 1998-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 9,500-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு, சிறு வயதுத் துன்பங்கள் கூடக்கூடப் பிற்கால நோய்களும் குடிப்பழக்கமும் கூடுவதைக் காட்டியது உண்மை. அதை நடத்தியவர்களில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே, அந்தக் கணக்கைத் தனி ஒரு மனிதனின் வருங்காலத்தைக் கணிக்கப் பயன்படுத்தக் கூடாது என்று 2020-ல் எழுதினார். அது கூட்டத்துக்கான கணக்கு, ஒருவனுடைய ஜாதகம் அல்ல.

சிகிச்சைக்கு இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போகுமுன் யாரிடமாவது பேச வேண்டுமானால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். இந்தப் பாதிப்புக்கென்று தனி மாத்திரை இல்லை. தூக்கத்துக்கோ வேறு ஒன்றுக்கோ சில காலம் மருந்து தரலாம். மன அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல்–நடத்தைச் சிகிச்சை என்ற முறைக்கு நல்ல சான்றுகள் உள்ளன. வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள், வளர்ப்பவரும் கூடவே இருப்பார். அதில் நடந்ததைச் சொல்ல வைப்பது நடுவில்தான் வரும். தொழிலுக்கு வந்த புதிதில், முதல் சந்திப்பிலேயே ஒரு பையனைத் தூண்டித் தூண்டிக் கதையைச் சொல்ல வைத்தேன். சொல்லி முடித்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தான். பிறகு மூன்று மாதம் வரவில்லை. யாராவது அவசரப்பட்டுத் துருவினால் ‘பிறகு கேட்கலாம்’ என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம். வீட்டிலும் கிளற வேண்டாம். அவனாகச் சொன்னால் கையில் இருக்கும் வேலையை நிறுத்தாமல் கேளுங்கள்.

கடைசியில் நீங்கள் எழுதியிருந்த வரி. அக்கா இறந்த சில நாட்களிலேயே பையனைப் பற்றிய கவலை எல்லாரையும் பிடித்துக்கொண்டிருக்கும்; பிறகு நண்டுக் கம்பெனி, வீடு, இந்த இரண்டு பிள்ளைகள். அக்காவுக்காக அழ உங்களுக்கு எப்போது நேரம் கிடைத்தது? அவன் சிரிப்பில் அவள் முகம் தெரியும்போது வருவது கோபம்போலத் தோன்றினாலும், அதற்கு அடியில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். அதை அவனிடம் மறைக்க வேண்டாம். ‘நீ சிரிச்சா உங்கம்மா மாதிரியே இருக்கு’ என்று சொல்லுங்கள். அம்மாவைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசாததை அவன் கவனித்திருப்பான், பேசக் கூடாத ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொண்டிருப்பான். படம் இருந்தால் அவன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மாட்டுங்கள். அக்காவை அடக்கம் செய்த இடத்துக்கு இதுவரை அவனை அழைத்துப் போகவில்லை என்றால், ஒரு நாள் முன்னதாகச் சொல்லி, அவன் சம்மதித்தால் அழைத்துப் போங்கள். பூ வாங்குவதை அவன் கையில் விடுங்கள். அங்கே அவன் அழாமல் மணலில் விளையாடினாலும் ஒன்றும் சொல்லாதீர்கள்.

வரும் மாதங்களில் ஒரு கட்டத்தில் அவன் இப்போது இருப்பதைவிட மோசமாக நடந்துகொள்வான், அதுவும் உங்களிடம் மட்டும். இதற்கு முன் இருந்த மூன்று இடங்களும் கைவிட்ட பிறகு, நான்காவது எந்த இடத்தில் கைவிடும் என்று தட்டிப் பார்ப்பான். அந்த நேரத்தில் இந்தக் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள், முடிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது தடுப்பூசி அட்டை, பள்ளி நோட்டு ஒன்று, அவன் பாயை நனைத்த நாட்களையும் அப்பா வந்து போன நாட்களையும் குறித்த அந்தக் காலண்டர் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். கணவர் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து மூவரும் போங்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை முதல் நாளே அவனிடம் சொல்லுங்கள். ‘திரும்ப நம்ம வீட்டுக்குத்தான் வரப்போறோம்’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பையில் துணி எதுவும் எடுத்து வைக்காதீர்கள். துணிப் பையோடு கிளம்பிய பயணங்களில் அவன் இதுவரை ஒரு முறையும் திரும்பி வந்ததில்லை.